ஆரத்துக்குப் பதில் விட்டம்

மாலை நாலு இருபது. ஓசூரில் நின்ற பஸ்ஸில், பெங்களூரில் செய்முறைத் தேர்வு முடித்து வந்த இரண்டு பெண்களின் விரல்களில் இலைச்சாற்றின் பச்சைக் கறை இருந்தது.

"இலைச்சாறு குழாய் வழியா மஞ்சள் தனியா, பச்சை தனியா இறங்கணும்டி. உனக்கு எப்படி ஒரே குவளையில விழுந்துச்சு?"

"கண்ணாடிக் குழாயோட கொள்ளளவைப் பாத்துத்தானே குவளையை மாத்தணும்? ஆரத்துக்குப் பதிலா விட்டத்தைப் போட்டுட்டேன். நாலு மடங்காயிடுச்சு, குவளையை மாத்துறதுக்குள்ள ரெண்டும் விழுந்துடுச்சு."

கேட்டவள் சிரித்துச் சிரித்து முன்சீட்டில் முட்டிக்கொண்டாள். "பெயிலானா ஆவணியில கல்யாணம்னாரே உங்கப்பா! மாப்பிள்ளைக்காவது கணக்கு வருமாடி?"

"ஏய், நீ நிறத்தைப் பாத்துக் குவளையை மாத்திட்ட, சரி. தாள்ல அந்தக் கணக்கை யாரைப் பாத்துடி எழுதின?"

சிரிப்பு நின்றது. பிறகு கண்டக்டர் திரும்பிப் பார்க்குமளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

சூளகிரியில் கணக்குப் போட்டவள் இறங்கினாள். "எப்படிம்மா செஞ்ச?" என்றார் காத்திருந்த அப்பா.

"ரெண்டு பேருக்கும் ஒரே விடைதான்ப்பா."

அவர் திருப்தியாகப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.