கமலாக்ஷி டீச்சரின் ஓப்பன் வோட்டு

சாயாவில் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆனந்தகுமார் சார். பருப்பு வடையும் சூடு. நம் கட்சியில் விசாரணைக் கமிஷன் முடிவு சொல்ல எத்தனை வருடம் எடுத்தாலும் வடை மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

என் அக்கா மகள் விஷ்ணுப்ரியா உங்கள் கமிஷனிடம் என்மேல் புகாராகச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. விட்டுப்போனவை சில உண்டு. அவற்றைச் சொல்லத்தான் வந்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்த் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. மற்ற தெருக்காரர்கள் ஓட்டு நாளை லீவு நாளாக்கி இடப்பள்ளி மாலுக்குப் போய்விடுவார்கள். என் தெருவில் நூற்றுக்கு நூறு. காய்ச்சலில் கிடப்பவர், கட்சியோடு கோபித்துக்கொண்டவர், கடவுள் மேலேயே நம்பிக்கை போனவர் என எல்லோரையும் கிளப்பிக் கொண்டுபோவது பூத் செயலாளரான என் வேலை. மாவட்ட மாநாட்டில் பொன்னாடை போர்த்தி ‘ஜனநாயகத்தின் காவலன்’ என்றார்கள். பாலியெஸ்டர்தான். ஆனாலும் இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன்.

எல்லோரும் வருவது வேறு, எல்லோரும் நமக்கே போடுவது வேறு. அங்கேதான் என் அக்கா கமலாக்ஷி.

மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். புருஷன் போனபிறகு என் வீட்டு மாடியில் இருந்தாள். ஒவ்வொரு தேர்தலிலும் முதல் ஆளாகப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டால் சிரிப்பாள்.

“போட்டேனோன்னோ? நோக்கு ஆள்தானேடா வேணும், சங்கரா. யாருக்குங்கறது எனக்கும் மிஷினுக்கும் உள்ள விஷயமாக்கும்.”

அந்தச் சிரிப்பு பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி எனக்குள் பல வருடமாக இருந்தது. ஊரையே கட்டி மேய்க்கிறவன் வீட்டு மாடியில் எதிர்க்கட்சி ஓட்டு ஒன்று உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை.

இந்தக் கார்ப்பரேஷன் தேர்தல் அன்று காலை காப்பியோடு மாடிக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை வேறு யாருடையதோ போல மடியில் கிடந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். கட்சியின் மருத்துவ முகாமில் மைக்கைப் பிடித்து நானே பேசியிருக்கிறேன்: முகம் கோணினால், கை விழுந்தால், நாக்குக் குழறினால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். நல்ல கைதட்டல்.

ஆக, தெரியாமல் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி இல்லை, ஓப்பன் வோட்டு. தானே பட்டனை அழுத்த முடியாதவருக்காகத் துணைக்குப் போகிறவர் அழுத்தலாம். இந்த ஒரு தடவையாவது அக்காவின் ஓட்டு எங்கே விழுந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்காது.

திருப்பூணித்துறையிலிருந்து விஷ்ணுப்ரியா கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

“உடனே கூட்டிண்டு போங்கோ மாமா. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்.”

“பொறப்பட்டாச்சு” என்றேன். புறப்பட்டுத்தான் இருந்தோம்.

ஆட்டோ ஓட்டிய பிஜு அக்காவிடம் படித்தவன். “ஸாரே, டீச்சருக்கு வாய் கோணிப்போச்சு. ஆசுபத்திரி இந்தப் பக்கம்.”

“ஸ்கூல் வழியா போ. ஓட்டுப் போட்டுட்டுப் போகலாம்.”

“ஸ்கூல் எங்கயும் ஓடிப்போகாது, ஸாரே.”

“ஆஸ்பத்திரியும் ஓடாது” என்றேன். நல்ல பதில் என்று அப்போது தோன்றியது. அவன் கண்ணாடியில் டீச்சரையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியாதது இனிமேல்தான். வரிசையில் நின்றவர்கள் உடனே வழிவிட்டார்கள். நான்தான் அக்காவை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன். நம் வேட்பாளர் இந்துமதி, எங்கள் வார்டில் எல்லோருக்கும் மதி சேச்சி, படம் எடுத்துக்கொள்ள வருவதாக இருந்தது. வேறொரு இடத்தில் வேறொரு கிழவியோடு படம் எடுத்துவிட்டு வரத் தாமதமாகிவிட்டது. வந்ததும் குனிந்து, அக்காவின் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்தாள். ‘உடல் தளர்ந்தும் கடமை தளராத டீச்சர்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த விஷ்ணுப்ரியா அன்று தன் அம்மாவை முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

பூத்துக்குள்ளே அக்கா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “மதி” என்றாள். மறுபடியும், “மதி.”

அதிகாரி மலையாளி. “டீச்சர் மதீன்னாணல்லோ பறயுந்நது. மதியெங்கில் கொண்டுபொய்க்கோ, சேட்டா.”

மலையாளத்தில் ‘மதி’ என்றால் ‘போதும்’ என்று அர்த்தம்; டீச்சர் போதுமென்கிறார், கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார் அவர். நான் சிரித்தபடி அதிகாரிக்கு விளக்கினேன்: நாங்கள் தமிழர்கள், சார், எங்கள் வீட்டில் ‘போறும்’ என்றுதான் சொல்வோம். அக்கா வேட்பாளர் பேரைச் சொல்கிறாள். அவர் பதறிப்போய், “பேரொந்நும் இவிடெ பறயல்லே”, பேரெல்லாம் இங்கே சொல்லக்கூடாது என்று எங்களை வேகமாக அனுப்பிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை.

அழுத்தினேன். அக்கா பட்டனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய இடது விரலில் மை, துணைக்குப் போன என் வலது விரலில் மை. ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால்” என்று ஆரம்பித்து, விஷ்ணுப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். மை போகவில்லை. அந்தக் கையால்தான் வாய்க்கரிசி போட்டேன். மதி சேச்சி மலர்வளையம் வைத்தாள். தேர்தலில் தோற்றிருந்தோம். ஒரு ஓட்டிலோ இரண்டு ஓட்டிலோ அல்ல, மறு எண்ணிக்கை கேட்கக்கூட வெட்கப்படும்படியாக.

எழுதிக்கொள்ளுங்கள், சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவளை, எல்லாம் தெரிந்தே, ஓட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் செத்துப்போனாள். அதற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் அவள் விருப்பத்துக்கு விரோதமாக அழுத்தினேன் என்று விஷ்ணுப்ரியா சொல்வதை மட்டும் ஏற்கமாட்டேன். அக்கா கடைசியாகப் பேசியது நம் வேட்பாளரின் பேர். நிறுத்தச் சொல்லியிருந்தால் போறும் என்றிருப்பாள். அந்த மலையாள வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது.

வேண்டாம் சார், இன்னும் சாயா ஊற்றாதீர்கள். மதி, மதி.