ஷஃபியுல்லா பாய் கை எட்டிய உயரம்

மேடையில் வீற்றிருக்கும் அணுமின் நிலையத்துப் பொறியாளர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே, ஜமாத்துப் பெரியவர்களே, நமது புதுப்பட்டினம் வாலிபால் குழுவின் ஆட்டக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு எழுத்து வராது. இந்த இரங்கல் கூட்டத்தில் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

மர்ஹூம் ஹாஜி ஷஃபியுல்லா பாய்! நம் குழுவை உண்டாக்கியவர். நான் பந்தை மேலே தூக்கி லிஃப்ட் போடுவேன், அவர் எகிறிக் கட் அடிப்பார். பந்தைப் பார்க்கவே மாட்டார். என் விரலைத்தான் பார்ப்பார். அந்தக் கண்ணை இனி எங்கே போய்த் தேடுவேன்?

ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து கடற்கரைக்கு வந்தால், நெட்டு கட்டுவது அவர் வேலை. அளக்க டேப்பு கிடையாது. கம்பத்தோடு ஒட்டி நின்று கையைத் தூக்குவார். விரல் நுனிக்கு மேல் ஒரு சாண், அங்கே முடிச்சு. படாளத்து அணி வந்தாலும் அதுதான் அளவு.

வயசானது. முதுகு வளைந்தது. கை எட்டும் இடம் இறங்க, நெட்டும் கூடவே இறங்கியது. திருநாவுக்கரசு ஐயா ஒருநாள் டேப்போடு வந்தார். அவர் காதருகே போய்ச் சொன்னேன். "சார், அத்த பையில போடு. நெட்டு எறங்கல, பாய்தான் எறங்கிகீறாரு." ஐயா பையில் போட்டுவிட்டார். அப்புறம் யாராவது வாய் திறந்தோமா? பையன்கள் எகிறாமலே கட் அடித்தார்கள். பாய் கைதட்டினார்.

அவர் போனதிலிருந்து நெட்டு கட்டவில்லை. எந்த உயரத்தில் கட்டுவது என்று எங்களுக்குள் வழக்கு. ஏற்றினால் அவரை மறந்த மாதிரி என்றேன் நான். "வெளி மேட்ச்சுல தோத்துகினே கீறோம் மாமா" என்றான் அவர் மகன் ஜுனைத்.

முந்தாநாள் வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்த துக்கத்துக்காக இத்தா இருக்கும் அவர் மனைவி சைனம்பு அம்மா திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"இன்னா ராகவண்ணே, அவுருக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நெட்டு எறங்கிப் போச்சு, ஒரு பயலும் சொல்ல மாட்றான்னு வூட்ல வந்து சிரிப்பாரு. அப்போ ஏன் கட்டிகினு கீறீங்கன்னா, நான் வுட்டுட்டா அவனுங்க மனசு ஒடஞ்சிடும்னுவாரு."

அங்கிருந்து நேரே கடற்கரைக்குப் போனேன், சபையோரே. கம்பத்தைத் தடவிப் பார்த்தேன்.

பாய் நிமிர்ந்து நின்ற காலத்துப் பழைய முடிச்சு தேய்த்த தடம் மேலே இன்னும் இருக்கிறது. வரும் ஞாயிறு, அஸருக்குப் பிறகு, அந்தத் தடத்திலேயே நெட்டை ஏற்றிக் கட்டுவோம். இது நான் தரும் வாக்கு. எனக்கு எட்டாது, முடிச்சை ஜுனைத் போடட்டும். முதல் லிஃப்ட் நான் போடுகிறேன், பாய் அடிக்கும் உயரத்துக்கு. அந்த ஒரு பந்தை மட்டும் யாரும் அடிக்க வேண்டாம். மணலில் விழட்டும்.