மிச்சம் ரெண்டு வார்த்தை

— படகு, மெழுகுவத்தி, சாவி, முட்டை, பாலம். அஞ்சு. மறுபடி சொல்லட்டுமா, மோசே?

— வேண்டாம் செய்னி. ஏறிடுச்சு.

— இரு, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பேன். நாளைக்கு கிளப் டாக்டரும் அப்படித்தானே கேப்பாரு? அதுவரைக்கும் இந்த சேம்பு இலையைப் பிடி. உங்கம்மா டோங்கா தீவுலேருந்து நாளைக்கு மதியம் வந்து எறங்குறாங்க, இன்னும் கறிய இலையில வெச்சுக் கட்டி முடிக்கல.

— எத்தனை பேர் வர்றாங்களாம் ரக்பி ஃபைனலுக்கு?

— நம்ம சர்ச்சுல பாதி. ஞாயித்துக்கிழமை ஆராதனையவே காலையில ஆறு மணிக்கு மாத்திட்டாரு போதகர்.

— கடவுளுக்கும் மேட்ச் பாக்கணும்ல.

— சிரிக்காம ஜோக் சொல்ற.

— பரவால்ல, நீ சிரி. பதினோரு சீசன், செய்னி. ஒரு தடவை கூட ஃபைனல் ஆடினதில்ல. இந்த வருஷம் எட்டாவது இடத்துல தொத்திக்கிட்டு பிளே-ஆஃபுக்கு வந்தோம். மூணு டீமைத் தட்டியாச்சு. சனிக்கிழமை விசில் அடிச்சதும் பசங்க எல்லாம் அழுதானுங்க. எனக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

— அந்த எதிர் டீம் பையன் இடுப்பு உன் காதுல மோதினதுக்கு முன்னாடியே அப்படியா, அப்புறமா?

— நான்தான் உடனே எழுந்துட்டேனே.

— எழுந்தே. எழுந்து அவனுங்க வரிசையில போய் நின்னே.

— ரெண்டு செகண்ட். ரக்பில முப்பத்தஞ்சு வயசுல எல்லாருக்கும் ஆகுறதுதான்.

— அந்த ரெண்டு செகண்டை டாக்டர் வீடியோவுல பாத்துட்டாரு. நாளைக்கு நீ சரியா சொல்லலேன்னா?

— ஞாயித்துக்கிழமை கோட் சூட் போட்டுக்கிட்டு அம்மா பக்கத்துல உக்காந்திருப்பேன். பரவால்ல, அப்படியெல்லாம் ஆகாது. ஜனவரில ஒரு வேலை பண்ணினேனே, ஞாபகம் இல்லையா?

— நீயே சொல்லு.

— சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் இதே டெஸ்ட் வெப்பாங்க. தலையில அடிபட்டா, அப்ப எடுத்த மார்க்கோடதான் ஒப்பிட்டுப் பாப்பாங்க. அதனால பழைய ஆளுங்க பல பேர் ஜனவரில வேணும்னே மக்கு மாதிரி பதில் சொல்லுவோம். எனக்கு அன்னைக்கு அஞ்சு வார்த்தையும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மூணைச் சொல்லிட்டு, ரெண்டை முழுங்கிட்டேன். கார் பார்க்கிங்ல நீ கூடச் சிரிச்சியே.

— நான் சிரிச்சேனா?

— சிரிச்சே. அதனால நாளைக்கு மூணு வந்தா போதும். இலை கிழியுது பாரு, ஏன் இப்படி இழுக்குற?

— ஒண்ணுமில்ல. நேரம் ஆயிடுச்சு. சொல்லு.

— படகு. முட்டை.

— அவசரமில்ல.

— இரு... சாவி. மூணு! போதும்.

— மிச்சம் ரெண்டு?

— எதுக்கு? அதான் மூணு வந்துடுச்சே. ஜனவரில எடுத்த அதே மூணு மார்க். ஏன் அப்படிப் பாக்குற?

— மிச்சம் ரெண்டு, மோசே.

— ...பரவால்ல, விடு.

— விட முடியல. இந்த ஒரு சீசன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு அன்னைக்கு என் கையப் பிடிச்சுக் கேட்டே. ஜனவரிலேருந்து நான் வாயத் திறக்கல.

— எதை?

— பார்க்கிங்ல நான் சிரிக்கல. காரை எடுக்காம அரை மணி நேரம் உக்காந்திருந்தோம். அப்ப நீ, ‘ஏமாத்தணும்னுதான் உள்ள போனேன் செய்னி, அதுக்குத் தேவையே இல்லாமப் போச்சு, அஞ்சையும் தேடித் தேடிப் பாத்தேன், மூணுதான் கிடைச்சுது’ன்னு சொன்னே.