பாதிச் சவரம்

சவரக்கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினெட்டு பலூன்கள் ஆயின. ஊதிய பலூனில் சோப்பு நுரையைப் பூசி, வெடிக்காமல் வழித்தெடுக்க வேண்டும். தெருமுனை சலூன்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

“கத்தியை அழுத்தக் கூடாதும்மா. அதோட கனமே போதும்,” என்றார். “வீட்டுக்காரருக்கா?”

“அக்கா வீட்டுக்காரருக்கு,” என்றேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

அக்கா இருந்தவரை தினமும் காலையில் அவள்தான் அத்தானுக்குச் சவரம் செய்வாள். பிளேடு பட்டால் அவருக்கு முகமெல்லாம் கொப்புளம். கண்டவன் முகத்தில் பட்ட சலூன் கத்தியும் ஆகாது. அவர் நாடியில் ஒரு கீறல் விழுந்தால் அக்காவின் கன்னம் இரண்டு நாள் வீங்கியிருக்கும். “நான்தான் பதறிட்டேன்டி,” என்பாள். அடித்தவருக்காகப் பரிந்து பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தாள் என்றார்கள். தான் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடியதாகவும் அத்தான் சொல்லிச் சொல்லி அழுதார். வந்தவர்கள் எல்லாரும் கண்ணீரைப் பார்த்தார்கள். நான் கன்னத்தைப் பார்த்தேன். இடது பக்கம் வழவழவென்று இருந்தது. வலது பக்கம் முள்முள்ளாக. நாடியில் ஒரு புதுக் கீறல். தூங்கிக்கொண்டிருந்தவருக்குப் பாதிச் சவரம் செய்தது யார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்; கிளறிப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இதே போலீஸ் நிலையத்துக்கு வந்து சொன்னேன். துக்கத்தில் உளறாதேம்மா என்று அனுப்பிவைத்தீர்கள்.

அதனால்தான் பலூன் வாங்கினேன். பிறகு, சமைத்துப் போடுகிறேன் என்று அந்த வீட்டுக்கே போனேன். தாடியோடு இருந்தார்.

“அக்கா மாதிரியே நான் சவரம் பண்ணிவிடுறேன் அத்தான்,” என்றேன். அந்தக் கழுத்துக்காகத்தான் கத்தி பிடிக்கப் பழகியிருந்தேன். முதல் வாரத்திலேயே முடித்திருக்கலாம். ஆனால் அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். என்னை நம்பி மூடட்டும் என்று இருந்தேன். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டும் அல்லவா.

மூன்றாம் வாரம் மூடினார். “உங்கக்காவை விட உன் கை பூ மாதிரி இருக்கு,” என்றார்.

அதன் பிறகு நான்கு மாதம் தள்ளிப்போனது. கை இன்னும் நன்றாகப் பழகட்டும் என்றுதான். வெந்நீர் பதமாக இருக்க வேண்டும், துண்டு தினமும் துவைத்ததாக இருக்க வேண்டும். வேலை என்றால் எனக்கு வேலைதான். ஒரு நாளும் அவர் முகத்தில் கீறல் விழவில்லை.

நேற்றுக் காலை இடது கன்னம் முடிந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வர்றவளுக்கு இதை நீயே கத்துக்குடுத்துட்டு, அப்புறம் உங்க வீட்டுக்குப் போ.”

அவர் முகவாயை நிமிர்த்தினேன். நேற்று மட்டும் கொஞ்சம் அழுத்தினேன்.

அக்காவுக்காகத்தான் செய்தேன். வேறு ஒன்றும் இல்லை. கழுத்தை அறுத்த பிறகு வலது கன்னத்தையும் மழித்து, துண்டால் ஒற்றி வைத்திருக்கிறாயே, அது ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவரைப் பாதிச் சவரத்தோடு நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.