மாடியில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தேன்

மழை பிடித்தால் எங்கள் அல்ஜியர்ஸில் முதலில் விற்றுத் தீர்வது குடையல்ல, பிளாஸ்டிக் வாளி. கூரை ஒழுகும் இடமெல்லாம் ஒன்று வைக்க வேண்டுமே. மேட்டுத்தெருக்களைப் பார்க்கும் நகராட்சியில் நான் துணைத் தலைவர். வீட்டுவசதி என் பொறுப்பு. பெயர்தான் பெரிது. வீடு கொடுக்கும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. வீடு கிடைக்காதவர்களிடம் திட்டு வாங்குவது மட்டும் என் வேலை. குறையாகச் சொல்லவில்லை, நீதிபதி ஐயா. பழகிவிட்டது.

லல்லா உனீசாவின் வீட்டை நீங்கள் இடிபாடாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். ஆண்கள் முறை வைத்துத் தூங்கினார்கள். உனீசாவின் மகள் ஃபஹீமாவுக்கு நிச்சயமாகி வருடக்கணக்காகியிருந்தது. குடிபோக வீடில்லாமல் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மேல்தளத்தைத் தாங்கிய முட்டு மரங்களை நானே நின்று வைக்கச் செய்தேன். தற்காலிகம் என்று சொல்லியிருந்தேன். அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடும் அளவுக்கு அவர்கள் பழகிவிட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

உனீசா சும்மா விட மாட்டாள். என் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'சி' போட்டுக்கொண்டே குத்துவாள். "எலெக்‌ஷனுக்கு முந்தி எங்க மாடிப்படி ஒவ்வொண்ணும் உனக்கு மனப்பாடம், சி மெஸியான். ஜெயிச்சப்புறம் தெருவே மறந்துபோச்சு" என்பாள். நான் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடிப்பேன். மறுபடி தேர்தல் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

போன குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விழுந்தது. மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தேன். "எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றேன். "அப்ப என்னய்யா அவசரம்?" என்றார். கூடாரங்கள் வந்தன. பள்ளி விளையாட்டுத் திடலில் அந்தக் குடும்பங்கள் இன்னும் கூடாரத்தில்தான் இருக்கின்றன. அதே மழையில் கீழ்மேட்டில் ஒரு சுவர் சரிந்து கிழவர் ஒருவர் இறந்தார். அந்த வாரமே லாரிகள் வந்து, தெருவையே புதுக் குடியிருப்புக்கு ஏற்றிப் போயின. நான் கோபப்படவில்லை. எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

ஸுலிகாவைப் பற்றிக் கேட்டீர்கள். புருஷன் விவாகரத்துச் செய்து வெளியே தள்ளியவள். துறைமுகத்துக்கு எதிரே வளைவுகளுக்கு அடியில், மகள் ரீமோடு அட்டை விரித்துப் படுத்திருந்தாள். உனீசா வீட்டு மொட்டைமாடியில் துணி துவைக்கும் அறை காலியாகக் கிடந்தது. அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நகராட்சியில் வேறு யாரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் பொறுமை இழந்து, வீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கல்யாணம் என்று முடிவு செய்தார்கள். மணப்பெண்ணை ஹம்மாமுக்குக் குளிக்க அழைத்துப் போகும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பெண்களும் குழந்தைகளும் குளிக்கப் போய்விடுவார்கள், ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்கு. வாரம் முழுக்க மழை; சுவர் ஊறியிருந்தது. வீட்டாரில் ஒருவருக்கும் கீறல் விழக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அன்று காலை வாழ்த்துச் சொல்லப் போனபோது ஸுலிகா படியில் மறித்தாள். இடுப்பில் சாய்ந்தபடி ரீம் நின்றாள்.

"சி மெஸியான், ஃபஹீமா என்னையும் ஹம்மாமுக்கு வரச் சொல்றா. போயிட்டு வரட்டுமா?"

"தாராளமா போ. திரும்பி வரும்போது உன் கதவுல வேற எவனாவது பூட்டுப் போட்டிருந்தா என்கிட்ட வந்து அழாதே."

பொய் சொல்லவில்லை, ஐயா. எங்கள் பக்கம் அப்படித்தான். ஒரு மணி நேரம் ஆளில்லாத அறைக்குள் வேறொரு குடும்பம் மெத்தையோடு வந்து உட்கார்ந்துவிடும். பிறகு எந்தப் போலீஸாலும் கிளப்ப முடியாது.

அவள் சிரித்தாள். "அப்ப நானே காவல் இருக்கேன். ஒரு தட்டு குஸ்குஸ் மட்டும் மேல அனுப்பச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். உனீசாவிடம் சொல்லவும் செய்தேன்.

பாங்கு முடிந்து தெரு வெறிச்சோடியதும் முற்றத்துக்குப் போனேன். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தேன். மேலே துணி அலசும் சத்தம் கேட்டது. வீட்டார் யாரும் பதில் சொல்லவில்லை. நடு முட்டின் அடியில் இருந்த ஆப்பைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். வாசலைத் தாண்டி முக்கு திரும்பிய பிறகுதான் விழுந்தது. நான் நினைத்ததைவிடச் சத்தம் குறைவு, புழுதிதான் அதிகம். அங்கிருந்தே மாவட்ட அதிகாரிக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, உடனே கிளம்பினார்.

பெண்கள் ஈரத்தலையோடு, மெழுகுவர்த்தியும் குலவையுமாகத் திரும்பி வந்தார்கள். முக்கில் குலவை நின்றுபோனது. உனீசா புழுதியைப் பார்த்து, "மேல ஸுலிகா இருந்தாளே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் அழுதேன். நடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வாரமே ஏழு குடும்பங்களுக்கும் வீடு வந்தது. தண்ணீர் வரும் குழாய், மூடும் கதவு, ஆளுக்கொரு படுக்கை. சாவியை நான்தான் கொடுத்தேன். உனீசா என் விரல் படாமல் வாங்கிக்கொண்டாள். எனக்கு வருத்தம்தான். ஃபஹீமா இன்று கதவைச் சாத்திக்கொண்டு புருஷனோடு வாழ்கிறாள் என்றால், யாரால் என்று அவளே யோசித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக அந்தப் போன் விஷயம். ஒரு கல்லைக்கூட யாரும் புரட்டாத நேரத்தில் "ரெண்டு உயிர் போயிடுச்சு" என்று எப்படிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். கிடைத்தது ஒரு உடல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஹம்மாமுக்குக் கிளம்பும் நேரத்தில் ஃபஹீமா ரீமைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டாள். வீட்டுப் பொறுப்பில் இருக்கிறவன் நான். யாராவது ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், அதிகாரியிடம் ஒன்று என்றே சரியாகச் சொல்லியிருப்பேன்.