உப்பு குறைந்த விலா

விலா எலும்புக்கு உப்பைக் கடைசியில் போடுகிறவனுக்குச் சமைக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், ஐயா. மிளகு, வரமிளகாய், பூண்டு, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் உப்போடு அரைத்து முதல் நாளே தடவி வைத்தால்தான் எலும்பு வரைக்கும் இறங்கும். அன்றைக்கு உப்பை மட்டும் விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை.

ஓசூர் பக்கம் பேரிகை ஊரில், என் வீட்டுக் கொல்லையில், பழைய டிரம்மை அறுத்து நானே செய்த அடுப்பு அது. ஒரு ஓரத்தில் கரி, மறு ஓரத்தில் ஆட்டு விலா, கரி மேல் கொய்யாக் கட்டை. மூடியைப் போட்டால் வெந்து முடிய அரை நாள் ஆகும். புகைக்கு அவசரம் ஆகாது. எனக்கும் அவசரம் இருக்கவில்லை.

குருமூர்த்தி எங்கள் சூப்பர்வைசர். ஓசூரில், பல்சக்கரங்களைக் காய்ச்சிக் கடினமாக்கும் பட்டறை. அங்கே தொட்டியில் ஒரு வெள்ளைப் பொடி போடுவோம். சயனைடுதான். ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, உப்பு என்போம். அதில் மிச்சத்தைக் குருமூர்த்தி ஒரு ஊறுகாய் டப்பாவில் கொட்டி, மேலே உப்பு என்று எழுதி, சாப்பிடுகிற மேசையில் மறந்து வைத்துவிட்டான். என் தம்பி முத்துமணி அதைத் தொட்டு மாங்காய் தின்றான்.

இதே ஸ்டேஷனில் நடந்த விசாரணையில் குருமூர்த்தி சொன்னது எனக்கு மனப்பாடம். "டப்பாவுல உப்புன்னு எழுதியிருந்துச்சு சார். அவனாத்தான் எடுத்துப் போட்டுக்கினான். நான் என்னா பண்றது?" எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்களும்தான், ஐயா.

அதற்குப் பிறகு அவனோடு சிரித்துப் பேசினேன். விருந்துக்குக் கூப்பிட்டேன். நாக்கு நாலு முழம் அவனுக்கு, உடனே கிளம்பி வந்தான். கூடவே ஆனந்தையும் வண்டியில் ஏற்றி வந்தான். அவனை நான் கூப்பிடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பட்டறைக்குப் புதுசு, என்னை வாய் நிறைய அண்ணே என்பான். நல்லவன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கறியை மேசையில் வைத்தேன். பக்கத்தில் பட்டறை உப்பு நிரப்பிய ஊறுகாய் டப்பா. மூடியில் உப்பு என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். பொய் எழுதவில்லை.

"அண்ணே, கறி பஞ்சு கணக்கா வெந்திருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றான் ஆனந்த். டப்பாவைத் திறந்து முதலில் குருமூர்த்தியின் தட்டில் தூவினான், பிறகு தன் தட்டில். வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால் குருமூர்த்தி எழுந்துவிடுவான், இத்தனை நாள் சிரித்ததெல்லாம் வீணாகும். நான் அடுப்பு மூடியைத் திறந்து கரியைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது இருவரும் தரையில் கிடந்தார்கள்.

வருத்தம் உண்டா என்கிறீர்கள். இல்லை. நான் யார் வாயிலும் ஊட்டவில்லை. உப்பில்லாமல் சமைத்தேன். அதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வெளியே பெஞ்சில் ஆனந்தின் அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். முத்துமணி செத்தபோது அதே பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன், தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு. என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். நான் எதற்கு? நீங்களே சொல்லி அனுப்புங்கள். டப்பாவில் உப்பு என்று எழுதியிருந்தது. அவனாகத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டான்.