வாசல் விளக்குக்குச் சவரம்

ரிங்லெட்டில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் தேயிலை எஸ்டேட் பெண்கள் இருவர். இளையவள் மடியில் வெற்றிலையும் பழமும்.

"எங்க வீட்டுக்காரர் வாசல் விளக்குக்கு ஷேவிங் பண்ணிட்டாருக்கா."

"என்னடி சொல்ற?"

"மழத்தண்ணி உள்ள போகாம இருக்க அதச் சுத்தி சிலிக்கன் அப்புனாருல்ல? காஞ்சுபோயி மூக்குச்சளியாட்டம் தொங்குச்சு. இன்னிக்கு மகளப் பொண்ணு பாக்க வர்றாங்களே, அசிங்கமா இருக்கும்னு நேத்து சவர பிளேடால சுரண்டுனாரு."

"கவாத்துக் கத்தி இருக்குமே லா?"

"அது செவுத்துப் பெயிண்ட்டக் கீறிடுமாம். அவ்வளவு நாசூக்கு! வழிஞ்சத மட்டுமா எடுத்தாரு? ஓட்டைய அடைச்சிருந்ததையும் சேத்து வழிச்சிட்டாரு. ராத்திரி பெஞ்ச மழைல தண்ணி எறங்கி விளக்கு அவுட்."

"அடப்பாவமே!"

"இன்னும் கேளுங்க. காலைல அதே பிளேடால மொகத்தையும் வழிச்சாரு. கன்னம் பூரா பிளாஸ்திரி."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இப்ப என்னடி செய்யப்போற?"

"இருட்டுன பெறகுதானே வர்றாங்க. வாசல்லயே நின்னு வரவேற்கச் சொல்லிட்டேன். விளக்குதான் எரியலையே, சம்பந்திக்கு மொகம் தெரியாது."